யாருக்கும் வேண்டாத எழுத்து

கணினிக்கு எழுத்துரு வரைந்து விற்பவளை, பொம்மைக் கம்பெனி மேலாளர் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க எழுத்தைத் திருடிட்டோமா? எழுத்து என்ன உங்க பாட்டன் சொத்தா? எங்க ஓவியர் ஆறு மாசம் உக்காந்து கையால வரைஞ்சதும்மா இது!"

"எல்லா எழுத்தையுமா?"

"இருநூத்தி நாப்பத்தேழையும்! ஒவ்வொண்ணையும் நானே சரிபார்த்தேன்."

மேசைமேல் குழந்தைகளுக்கான எழுத்துக் கட்டைப் பெட்டி இருந்தது. லட்சம் பெட்டி கடைக்குப் போய்விட்டது என்று வேறு பீற்றிக்கொண்டார்.

"அப்போ 'ஙௌ' கட்டையை எடுங்க சார்."

"எந்த வார்த்தையிலயும் வராத எழுத்து. அது எதுக்கு?"

"அதனாலதான் கேக்கறேன்."

முனகிக்கொண்டே துழாவி எடுத்தார். கட்டையில் எழுத்தே இல்லை. காதை விடைத்துக்கொண்டு ஒரு கழுதை நின்றது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உரிமம் வாங்கினவங்களுக்கு அந்த இடத்துல எழுத்து வரும். இலவச மாதிரி எழுத்துருவைச் சுட்டவங்களுக்கு இதுதான் வரும். ஒவ்வொண்ணா சரிபார்த்தீங்களே, உங்களை உங்களுக்கே அடையாளம் தெரியலையா சார்?"