எத்தனை விசில்?

குக்கர் கம்பெனியில் எல்லார் கையிலும் ஒரு பட்டை இருக்கும். வாடிக்கையாளர் மனதில் ஓடுவது அதைக் கட்டியிருப்பவர் மனதிலும் ஓடும். வடிவமைப்புத் தலைவி சாருலதாவின் புதுக் குக்கர் சத்தமே போடாது. வெந்ததும் தானே அணையும். ஒரு புகார் இல்லை. விற்பனைதான் படுத்துவிட்டது.

அவள் வீட்டிலும் அதே குக்கர்தான். பட்டையைத் தன் கணவர் இளமாறனோடு இணைத்துப் பார்த்தாள். ஒரே வெறுமை.

“குக்கர்ல என்னங்க குறை?”

“குறையெல்லாம் இல்ல. முன்னாடியாவது ‘எத்தனை விசில் வந்துச்சு’ன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேப்ப.”

கம்பெனியின் வியூகமே மாறியது. அடுத்த குக்கர் விசிலடித்தது. அதைப் புதுமை என்று விலையும் ஏற்றினார்கள்.

“எத்தனை விசிலாச்சுங்க?” அறையிலிருந்து கத்தினாள் சாருலதா.

“ஐயையோ, எண்ண மறந்துட்டேனே!”

பருப்பு அடிப்பிடித்தது. பட்டையில் அப்படியொரு சந்தோஷம்.