ஆறாவது பாயிண்ட்

"பொழுதோட சாப்டற ஆளு நானு, உங்களுக்குத் தெரியாததா? எறங்கலாமா சார்?"

ரத்னம் இப்படிக் கேட்டதும் தேவேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது மூன்றாவது தடவை. மலைக்கு வந்த மூன்று தடவையும் ஐந்தாவது பாயிண்டில், மணி ஐந்தைத் தொடும்போதுதான் இதே பேச்சு.

செஞ்சி இயற்கை நடைக் குழுவுக்கு தேவேந்திரன்தான் தலைவர். தாலுகா ஆபீஸிலிருந்து அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், ஆபீஸ்தான் அவரிடமிருந்து இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. பக்கமலைக் காட்டு ரோட்டில் வேன் எங்கெங்கே நிற்கும், எங்கிருந்து மேலே நடக்க வேண்டும், எதை எத்தனை நிமிஷம் ரசிக்க வேண்டும் என்று டைப் அடித்துப் பதினாலு பேர் கையிலும் கொடுத்திருந்தார்.

முதல் பாயிண்ட் பள்ளத்தாக்கு, நாலு நிமிஷம். இரண்டாவது மொட்டைப் பாறை, ஆறு நிமிஷம். ஏழாவது நிமிஷம் விசில் ஊதிவிடுவார். யாராவது வழியில் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டால், அது லிஸ்டில் இல்லை, நடங்க என்பார்.

லிஸ்டில் கடைசி ஆறாவது பாயிண்ட், சூரியன் மறையும் பாறை. அங்கே குழு மொத்தமும் வரிசையாக நிற்க, பின்னால் சூரியன் இறங்க, ஒரு போட்டோ எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் அதுதான் வரப்போகிறது என்று பொங்கலுக்கே அறிவித்துவிட்டார். மாசி வந்தும் முகப்பில் வெறும் வேன் படம்தான் இருக்கிறது.

காரணம் ரத்னம். அரிசி மண்டி வைத்திருக்கும் ஜைனர், ஊரில் எல்லாருக்கும் நயினார். விளக்கு வைத்தபின் ஒரு பருக்கை வாயில் போடாத மனுஷர்.

"டிபன் டப்பாவ மேலயே எடுத்தாந்து சாப்ட்டா இன்னா நயினாரே?"

"மலமேல கொரங்கு உடாது சார்."

அப்படியானால் அவர் மட்டும் முன்னால் இறங்கட்டும், மற்றவர்கள் அஸ்தமனம் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார் தேவேந்திரன். ரத்னம் சட்டைப் பையிலிருந்து லிஸ்டை எடுத்துப் பிரித்து, அடியில் இருந்த வரியைக் காட்டினார். 'அனைவரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்க வேண்டும். உத்தரவு, தலைவர்.'

"நீங்க போட்ட ரூலுதான சார்."

பின்னாலிருந்து வீரமணி, நயினார் இட்லி தின்று முடிக்கிற வரைக்கும் சூரியனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிப் பார்க்கலாமே என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சோத்து மூட்டை என்று யாரோ முணுமுணுத்தது ரத்னத்தின் காதிலும் விழுந்திருக்கும். அவர் கழுத்துத் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

தேவேந்திரன் தன் மனைவி மீனம்பாளைப் பார்த்தார். அவளாவது தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தார். அவளோ ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தாள்.

"போலாங்க. சூரியன் எங்க ஓடிப் போவுது, நாளைக்கும் வரும்."

"நீ சும்மா இரு. ரசனைன்னா இன்னான்னு உனக்கு இன்னா தெரியும்" என்றார் தேவேந்திரன்.

இறங்குகிற வழியெல்லாம் அவர் மனசுக்குள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டே வந்தார். 'தங்கள் உணவு நேரத்தை முன்னிட்டு, தங்களைக் குழுவிலிருந்து விடுவிப்பது என முடிவு செய்யப்பட்டுள்ளது.' வீட்டுக்குப் போனதும் அனுப்பிவிட்டு, ரத்னத்தை நீக்கிவிட வேண்டியதுதான்.

அடிவாரத்துக்கு வந்தபோது ஆறு ஆகவில்லை. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் இருந்தது. ஆனால் மலையின் நிழல் வேன் நின்ற இடத்தை மூடிவிட்டது. முட்டிவலிக்காரி என்பதால் வேனிலேயே இருந்துவிட்ட ரத்னத்தின் மனைவி பிரம்மி, இட்லிப் பொட்டலங்களை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரத்னம் மட்டும் கைகால் கழுவிவிட்டு, ஒரு கல்லின்மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

தேவேந்திரன் ஒரு பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல அவருக்குக் குடும்மா. அதுக்கோசரம்தான் பதினாலு பேரும் ஓடியாந்தோம்."

பிரம்மி புரியாமல் பார்த்தாள்.

"அவருக்கா? இன்னிக்கு சதுர்தசி ஆச்சே சார். காலையிலேர்ந்து உபவாசம். காச்சின தண்ணி ரெண்டு வாயி குடிச்சாரு, அவ்ளோதான். இனிமே நாளைக்குப் பொழுது விடிஞ்சுதான் சாப்பாடு."

தேவேந்திரன் கல்லின்மேல் இருந்த ரத்னத்தைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. புளியமரத்தடியில் மீனம்பாள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பேசாமல் போய் அவள் முன்னால் நீட்டினார்.

அவள் முகத்தைத் தூக்கினாள். காற்றில் இரண்டு தடவை துழாவி, மூன்றாவது தடவை பொட்டலத்தைப் பிடித்தாள்.

"நயினாரண்ணனா? இன்னிக்கும் எனக்காவ அத்தனை பேர்கிட்டயும் பேச்சு வாங்கிட்டீங்களேண்ணே" என்றாள் மெதுவாக. "பொழுது மசங்குனா எனக்குக் கண்ணு தெரியலன்னு எங்க வூட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அடுத்த தபா என்னிய வூட்லயே உட்டுட்டு வந்துடுவாரு."