படத்தின் இடது மூலை

“புல் ஈரமா இருந்திருக்கும், கோச். அதான் கால் வழுக்கிடுச்சு” என்றார் நேர்காணலுக்கு முதலில் வந்தவர்.

அந்த மைதானத்துக்குக் கூரை உண்டு. போட்டிருப்பது செயற்கைப் புல்.

டெரெல் விக்கம் எங்கள் டொலிடோ அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளராகி ஒன்பது நாள்தான் ஆகிறது. தாக்குதல் ஆட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் கிடைத்துவிட்டார். தடுப்பாட்டத்துக்குத்தான் இன்று நேர்காணல். கோச் புதுசு, கூட இருப்பவர்களாவது பழம் தின்று கொட்டை போட்டவர்களாக இருக்கட்டும் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அணி மேலாளரான நான் அப்படிப்பட்ட ஐந்து பேரை வரவழைத்திருந்தேன்.

விக்கம் எல்லோருக்கும் ஒரே படத்தைத்தான் போட்டார். பதினோரு நொடி. மைதானம் முழுவதும் தெரிய உச்சியிலிருந்து எடுத்தது. சத்தம் கிடையாது.

பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய இறுதியாட்டம். எங்கள் தடுப்பின் கடைசி ஆள், முப்பத்தொன்றாம் எண், காரணமே இல்லாமல் முன்னால் ஓடுகிறான். பந்து அவன் தலைக்கு மேல் பறக்கிறது. பின்னால் நின்ற எதிரணிக்காரன் அதைப் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறான். கோப்பை போயே போச்சு.

“தப்பு யாரு மேல?”

கேள்வி அவ்வளவுதான். சங்கடம் என்னவென்றால், அந்த முப்பத்தொன்று விக்கமேதான்.

‘சைகையை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன்’ என்று அன்றைக்கே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னவர் அவர். ஊர் விடவில்லை. லக்ராஞ்ச் தெரு மதுக்கடையில், கடித்ததும் உள்ளே இருப்பதெல்லாம் மடியில் விழுகிற ஹாட் டாக் ஒன்று உண்டு. அதற்குப் பெயரே ‘விக்கம்’. மனிதர் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

இரண்டாமவர் விளக்கு கண்ணைக் கூசியிருக்கும் என்றார். மூன்றாமவர் பழியைப் பக்கத்தில் நின்ற பாவப்பட்ட ஆட்டக்காரன் மேல் போட்டார். நான்காமவர்தான் நிமிர்ந்து, “தப்பு உங்களுதுதான், கோச்” என்றார்.

ஆள் கிடைத்துவிட்டார் என்று அவர் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். சோதனையே இந்தத் துணிச்சலுக்குத்தான் என்பது என் கணக்கு.

கடைசியாக நார்ம் சடோவ்ஸ்கி வந்தார். அறுபத்தொரு வயது. மூன்று வருடமாக எந்த அணியும் கூப்பிடவில்லை. இந்த வேலையும் கிடைக்காவிட்டால் இனி மீன்பிடிக்கத்தான் போகவேண்டும் என்று உள்ளே நுழையும்போதே எங்களிடம் சொன்னார், சிரிக்காமல்.

படம் ஓடி முடிந்தது. அவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொண்ணு மேல தப்பில்ல” என்றார்.

இவருமா, என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“கையத் தூக்கினது நான். தூக்கியிருக்கக் கூடாது.”

அந்தக் காலத்தில் தடுப்பாட்டக்காரர்கள் காதில் ரேடியோ இல்லை. கோட்டோரம் துணைப் பயிற்சியாளர்கள் மூன்று பேர் நின்று கையை ஆட்டுவார்கள்; அந்த வருடம் நார்ம் அவர்களில் ஒருவர். இரண்டு பேருடையது எதிரியை ஏமாற்ற. கடைசி ஆளுக்கான நிஜக் கை எது என்பது அவனுக்கும் கையை ஆட்டுபவருக்கும் மட்டும்தான் தெரியும்.

நார்ம் எழுந்து நாற்காலியைத் தள்ளிப்போட்டார். “அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். நான் கெளம்புறேன், கோச்.”

“உக்காருங்க.”

விக்கம் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். முப்பத்தொன்றை விட்டுவிட்டு, படத்தின் இடது மூலையைப் பெரிதாக்கினார். தொலைக்காட்சியில் அந்த மூலை வராது. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர், வலது கையை உயரத் தூக்கியபடி நிற்கிறார். அந்தச் சைகைக்கு அர்த்தம் ‘முன்னால் ஓடு.’

நான் அந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். எனக்கும் அந்த மூலை கண்ணில் பட்டதேயில்லை.

“ஏம்ப்பா, உனக்குத் தெரியுமா?” என்றார் நார்ம்.

“அன்னைக்கே தெரியும். சொன்னா உங்க வேலை போயிருக்கும். எனக்குக் காலு இருந்துச்சு, ஓடிப் பொழச்சுக்கலாம்னு நெனச்சேன்.”

“இன்னைக்கு நான் சொல்லலன்னா?”

“மீன் பிடிக்கத்தான் போயிருப்பீங்க.”

மத்தியானச் சாப்பாட்டுக்கு லக்ராஞ்ச் தெருவுக்குப் போகலாம் என்றவர் விக்கம்தான். உள்ளே நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. நார்ம் யாரையும் கேட்கவில்லை. நேராக விலைப்பட்டியல் எழுதியிருந்த கரும்பலகைக்குப் போய், சட்டைக் கையால் ‘விக்கம்’ என்பதை அழித்துவிட்டு, சுண்ணக்கட்டி உடையும்படி அழுத்தித் தன் பெயரை எழுதினார். எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். கடை முழுக்கக் கேட்கும்படி நார்ம் காரணத்தைச் சொன்னார்.

கோச் தன் தட்டில் வந்ததைக் கடித்தார். எல்லாம் மடியில் விழுந்தது.

“இன்னொரு சடோவ்ஸ்கி குடுங்க” என்றார், வாய் நிறைய.