காலடியில் ஒரு பொத்தான்

மொன்டானாவின் மேட்டுச்சாலை இறக்கத்தில் நின்றுபோன பழைய பிக்கப்பின் சாவியை டெல்பர்ட் பதற்றத்தோடு திருகிக்கொண்டே இருந்தான். இன்ஜின் சுற்றியது, கிளம்பவில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்வில் கையில் கயிற்றோடு வந்தார்.

"என்னடா, மக்கர் பண்ணுதா?"

"இறங்கும்போது தானா நின்னுடுச்சுண்ணே. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்."

"சும்மா இரு, சாவியைப் போடு."

டேங்க் பக்கம் காது கொடுத்தார். உள்ளே பெட்ரோலை இன்ஜினுக்கு ஏற்றும் பம்ப் முனகவில்லை. மறுபக்கம் ஏறி, காலடியில் துழாவி எதையோ அழுத்தினார். டெல்பர்ட் மறுபடி சாவியைத் திருக, வண்டி உறுமியது.

"ரொம்ப நன்றிண்ணே, கிளம்புறேன்!"

ஆர்வில் வண்டியை அணைத்துச் சாவியை உருவினார்.

"எதுலயாவது மோதினாத்தான் இந்தப் பொத்தான் துள்ளிப் பெட்ரோலை நிறுத்தும். மேட்டுல என் வேலியைச் சாய்ச்சது யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இந்தா கயிறு. பதினோரு கன்னு ஓடிப்போயிருக்கு."