பெரியவரைக் கேட்டுச் சொல்றேன்

பதினோரு வருடம் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றவள், வேலையை விட்டுத் தனிக்கடை போடப்போவதாக முதலாளியிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"உனக்கு விக்கத் தெரியும்மா, விலையில நிக்கத் தெரியாது. இரு, பெரியவரைக் கேட்டுட்டு வரேன்."

பெரியவர் முதலாளியின் அப்பா. பின்னறைத் திரைக்குப் பின்னால் இருப்பார். நோயாளி, முன்கோபி, மகனைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது. விலையைக் குறைப்பதும் ஆளை நிறுத்துவதும் அவர் வாக்குத்தான்.

முதலாளி திரும்பி வந்தார். "ஒருத்தனும் உனக்குச் சரக்கு தர மாட்டான்னு சொல்றாரு. பேசாம போய் வேலையைப் பாரு."

அவள் திரையை நோக்கி நடந்தாள்.

"ஏம்மா, எங்க போற?"

"இத்தனை வருஷம் நீங்க சொல்லித்தான் கேட்டேன், முதலாளி. இன்னிக்கு அவர்கிட்ட நானே பேசிக்கறேன்."

திரையை விலக்கினாள். உள்ளே காலி அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஆள் உட்கார நாற்காலிகூட இல்லை.

"அப்பா தவறி இருபது வருஷமாச்சு," என்றார் முதலாளி தரையைப் பார்த்தபடி. "கடை திடீர்னு என் தலையில விழுந்துது. தனியா நிக்க பயமா இருந்துதும்மா."

அடுத்த மாதம் எதிர்வரிசையில் அவள் கடை திறந்தாள். முதலில் வந்தவரே பாதி விலைக்குக் கேட்டு அடம்பிடித்தார்.

"இருங்க, உள்ள பெரியம்மாவைக் கேட்டுட்டு வரேன்."

புதுத் திரைக்குப் பின்னால் போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பத்து வரை எண்ணினாள். நிமிர்ந்து வெளியே வந்தாள்.

"ஒரு பைசா குறைக்கக் கூடாதுன்னுட்டாங்க."