தவளைக் கச்சேரி

"இது அந்தப் பாட்டில்லை. அது எவ்வளவு மெதுவாப் போகும் தெரியுமே? கேக்கேக்க அழுகை வரும்," என்றாள் பத்மாவதி.

ஆக்லாந்தில், மாசி என்ற பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டு டிவியில் தவளைகள் குளத்து இலைகளின்மேல் நின்று பாண்ட் வாசித்துக்கொண்டிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அமெரிக்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன். அம்மா ஊரில் பள்ளிக்கூட யன்னலோரம் இருந்து பார்த்த படம் என்று மகள் கிருசாந்தி இணையத்தில் தேடிப் பிடித்தது. நிலா, குளம், தொப்பி பறக்கும் இடம் எல்லாம் அம்மா சொன்னபடியே இருந்தன. பாட்டு மட்டும் தலைதெறிக்க ஓடியது.

அந்தக் காலத்தில் இசையை முதலில் அமைத்து, தாளத்துக்கு ஏற்றபடிதான் படம் வரைவார்களாம். பாட்டு மாறியிருக்க வழியே இல்லை என்றாள் கிருசாந்தி.

பத்மாவதியின் முகம் வாடிவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு மறதி நோய் வந்ததும் இப்படித்தான், தெரிந்த பாட்டை மாற்றிப் பாடுவதில் தொடங்கியது.

"எனக்கும் தொடங்கிட்டுது போல. டொக்டரிட்ட அப்பொயின்ட்மென்ட் எடுங்கோ."

அப்படி எதுவும் இல்லை என்றார் கணவர் கதிர்காமநாதன்.

"உங்களுக்கென்ன தெரியும்? நீங்கள் வெளியில ஜெனரேட்டரோட நிண்ட ஆள்."

உண்மைதான். ஊரில் கரண்ட் இல்லாத காலம் அது. பள்ளிக்கூடத்தில் படம் போட்டால், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. உள்ளே ஓடியது என்ன படமென்றுகூடத் தெரியாத மனிதர் என்று கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேலி செய்கிறாள்.

கதிர்காமநாதன் கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு மகளிடமிருந்து ரிமோட்டை வாங்கிப் படத்தின் வேகத்தைக் குறைத்தார். தவளைகள் அரைத் தூக்கத்தில் துள்ளின. பாட்டு இழுத்து இழுத்து வந்தது.

பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுதானப்பா. இதேதான்."

ஜெனரேட்டர் சரியாக இழுக்காததால் புரொஜெக்டரும் மெதுவாக ஓடியிருக்கும் என்று கிருசாந்தி விளக்கினாள். மறதி இல்லை என்ற நிம்மதியில் பத்மாவதிக்குப் பழைய கேலி திரும்பிவிட்டது.

"அப்ப நீங்கள் ஊத்தின மண்ணெண்ணெய் கலப்படம்."

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான்," என்றார் கதிர்காமநாதன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான்தான் மெஷினைக் குறைச்சு வைச்சனான். படம் முடிஞ்சா நீர் யன்னலடியில இருந்து எழும்பி வீட்டை போயிடுவீர்."