ஆணிகூட அசையாத அறை

“மெதுவா பேசும்மா” என்றார் அந்த அம்மா, மூடிய கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி.

அருங்காட்சியகத்தில் காப்பாளர் வேலை பார்ப்பவள் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இது மூன்றாவது நடை. முதல் இரண்டு தடவையும் சாயங்காலம் வந்தவளை, “இப்ப வேண்டாம்மா, காலைல வா, காலைலன்னாதான் எனக்குத் தைரியம்” என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இளைஞர்களின் வரலாற்றுக்கென்று புதிதாக ஒரு கூடம் கட்டியாயிற்று. திறப்பு விழாவுக்கு ஒன்பதே நாள்தான். ராஜாக்கள் வாய் கொப்பளித்த செம்பெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு பதினெட்டு வயதுப் பையன் எந்தப் பாட்டைக் கேட்டான், எதை உடுத்தினான், சுவரில் யார் படத்தை ஒட்டினான் என்று காட்டத் துரும்பு கிடையாது.

எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில்தான். “அதையெல்லாம் எப்பவோ பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சே.” இயக்குநரோ அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து உயிரை வாங்கினார். “ஒரு நிஜமான ரூம் கிடைக்கலைன்னா அந்தக் கூடத்தை இழுத்து மூடு. உடைஞ்ச நாற்காலி போட இடம் இல்லாம தவிக்கிறேன்.”

அப்போதுதான் இந்தத் தெருத் தையல்காரர் வாயைத் திறந்தார். “அந்த அம்மா பையனோட ரூம் இருபத்தாறு வருஷமா அப்படியேதான் இருக்கு.” பையனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

கதவில் ஒரு அட்டை. பையன் கையெழுத்து, மை வெளிறியிருந்தது. ‘முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அனுமதி இல்லை.’

“அவனுக்குப் பதினெட்டு முடிஞ்ச வருஷம் ஒட்டினது” என்றார் அம்மா. “இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆணியைப் பிடுங்க முடிஞ்சுதா என்னால? அவங்கப்பா போற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார், எல்லாத்தையும் தூக்கிக் கடாசுன்னு. பெத்த மனசு கேக்குதா?”

“கேக்காதும்மா. எனக்குப் புரியுது.”

“உனக்கு என்ன புரியும்? என் தங்கச்சி தன் வீட்டோட வந்துடுன்னு நாலு வருஷமா கூப்பிடுறா. இந்த மாசமும் வரலைன்னா மாடியை வாடகைக்கு விட்டுடுவாளாம். இந்த ரூமை வச்சுக்கிட்டு நான் எங்க போறது?”

கதவு திறந்தது. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன. காப்பாளர் சுவிட்சைத் தேடிக் கையை நீட்ட, “லைட் போடாதேம்மா” என்று தடுத்தார் அம்மா. செல்போன் வெளிச்சத்தைச் சுவர்ப் பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு அவள் உள்ளே நுழைந்தாள்.

அப்பாடா, கண் நிறைந்துவிட்டது. சுவர் முழுக்கப் பாடகர்கள், நீள முடியும் கிழிந்த ஜீன்ஸுமாக. வரிசை வரிசையாக கேசட்டுகள். சக்கரம் கழன்ற ஸ்கேட்போர்டு, இரண்டு கம்பி அறுந்த கிடார், நண்பர்களோடு சேர்ந்து ஜெராக்ஸ் எடுத்து விற்ற பாட்டுப் பத்திரிகையின் பதினொரு இதழ்கள். கட்டிலில் துணியும் தலையணையும் போர்வையும் குவிந்து கிடந்தன.

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட இந்த அம்மாவுக்கு மனசு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள் காப்பாளர்.

“படுக்கையைக்கூட மடிச்சு வைக்கலையாம்மா?”

“எப்படிம்மா மடிக்கிறது?” அம்மாவின் குரல் கம்மியது. “தினம் வந்து நின்னு பாத்துட்டுப் போவேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது.”

காப்பாளர் நன்கொடைப் படிவத்தை எடுத்து நீட்டினாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

“எனக்கு ஒரே ஒரு கண்டிஷன். நல்லதா நாலு பொருளைப் பொறுக்கிக்கிட்டு மீதியை என் தலையில கட்டிட்டுப் போகக் கூடாது.”

“ஒரு குண்டூசியைக்கூட விட மாட்டோம்மா.”

“வாயால சொன்னா போதாது. எழுது.”

‘அறையில் உள்ள அனைத்தும்’ என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தாள். அம்மா பரபரவென்று கையெழுத்துப் போட்டார். இவ்வளவு நாள் இழுத்தடித்தவர் கடைசியில் இத்தனை அவசரப்பட்டது காப்பாளருக்குச் சங்கடமாக இருந்தது. பாவம், மனசு மாறிவிடும் என்ற பயம் போலும்.

“எப்ப வண்டி வரும்?”

“மத்தியானமே வந்துடும்மா. பதிவுக்கு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கிறேன்.”

பளிச்சென்று ஃபிளாஷ் வெட்டியது.

கட்டிலில் இருந்த குவியல் புரண்டது. போர்வைக்குள்ளிருந்து பாதி நரைத்த தாடி ஒன்று வெளியே வந்து, “யாரும்மா அது, விடியக்காலைல?” என்று சலித்துக்கொண்டது. மணி பதினொன்றரை.

அம்மா அசரவில்லை. தன் பிரதியை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, காப்பாளரைப் பார்த்துக் கேட்டார்.

“வண்டியில இவனுக்கும் இடம் இருக்குமில்ல?”